அறுபது பாகையிலிருந்து விட்ட ஊசல்

சென்ற ஆண்டு என் அக்கா மகள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, எனக்குக் கணிதமும் இயற்பியலும்தான் பிடிக்கும். மேற்கொண்டு என்ன படிக்கலாம்?" என்று கேட்டாள். நான் அப்போது அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். "பொறியியல் எடுத்துக்கொள். இயந்திரவியலோ மின்னணுவியலோ எது கிடைத்தாலும் சரி. இரண்டு பாடத்துக்கும் அதில் வேலை இருக்கும், கையில் ஒரு தொழிலும் இருக்கும்" என்றேன். சொல்லி முடிக்க நான்கு நிமிடங்கூட ஆகவில்லை. "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். அந்தச் "சரி மாமா" பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தலைவலி என்று வந்தவரிடம் எந்தப் பக்கம் வலிக்கிறது என்றாவது கேட்பார்கள். நான் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் படித்தது பொறியியல் அன்று. இயற்பியலில் முதுகலை வரை படித்துவிட்டு, சுழலும் இயந்திரங்களின் அதிர்வைக் கணக்கிடும் வேலைக்குப் பக்கவாட்டு வழியாக வந்து சேர்ந்தவன். என் வாழ்க்கையே அந்தப் பதிலுக்கு ஒத்துவரவில்லை என்பது அடுத்த கூட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

யோசிக்க யோசிக்க, அவள் கேட்ட கேள்வியிலேயே நான் கவனிக்காத ஒன்று இருப்பதாகப் பட்டது. 'எனக்குக் கணக்கு வரும்' என்கிறோம். 'எனக்குக் கணக்கு பிடிக்கும்' என்றும் சொல்கிறோம். பள்ளியில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே நடக்கின்றன. வருவதால் மதிப்பெண் கிடைக்கிறது, மதிப்பெண்ணால் பாராட்டு, பாராட்டால் பிடித்துப்போகிறது. பிடித்துப்போனதால் இன்னும் நான்கு கணக்கு போடுகிறோம், இன்னும் நன்றாக வருகிறது. எது காரணம், எது விளைவு என்று பதினேழு வயதில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிகிற இடம் கல்லூரி முதலாண்டு. என்னுடன் படித்த நண்பன் ஒருவனுக்கு எவ்வளவு சிக்கலான தொகையீட்டைக் கொடுத்தாலும் கரும்பலகையிலேயே அவிழ்த்துவிடத் தெரியும். ஆனால் முதலாண்டில், தொடர்ச்சியான ஒரு சார்பு எதிர்மதிப்பிலிருந்து நேர்மதிப்புக்குப் போனால் இடையில் எங்காவது சுழியத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று நிறுவச் சொன்னபோது, அவன் உண்மையாகவே எரிச்சலடைந்தான். "படம் போட்டுப் பார்த்தாலே தெரிகிறதே, இதில் நிறுவ என்ன இருக்கிறது?" என்றான். 1817-இல் போல்சானோ என்பவர் இதை நிறுவுவதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார் என்று ஆசிரியர் சொன்னபோது அவனுடைய எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவன் கணிதத்தைக் கைவிட்டுவிட்டான் என்று அப்போது நாங்கள் வருத்தப்பட்டோம். இன்று அவன் பெரிய கட்டட அமைப்புகளின் உறுதியைக் கணக்கிடும் வேலையில் நல்ல பெயரோடு இருக்கிறான். வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் விரிசல் எங்கே தொடங்கும் என்று சுட்டிக்காட்டும் கண் அவனுக்கு இருக்கிறது. அன்று வகுப்பில் அவனைச் சங்கடப்படுத்திய அதே கண்தான் இன்று அவன் தொழிலுக்கு முதல்.

ஒரு நட்டும் ஒரு மீட்டர் நூலும்

என் உறுத்தலுக்கு உருவம் கொடுத்தது ஒரு விடுமுறை நாளின் பிற்பகல். அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளும் அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவனும் சேர்ந்து, ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் பள்ளிச் செயல்திட்டம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கதவு நிலையின் மேல்சட்டத்தில் நூலைக் கட்டி, கனமான இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். முடிச்சிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர். நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π-யால் பெருக்கினால் ஓர் அலைவுக்கான நேரம் வந்துவிடும். ஒரு மீட்டருக்கு அது 2 நொடிக்குச் சற்றே மேல். ஐந்து பாகை விலக்கிவிட்டு இருபது அலைவுகளை எண்ணினார்கள். 40.2 நொடி வந்தது. பாடநூல் சொன்னபடியே எல்லாம் நடந்தது. என்னைப் பொறுத்தவரை செயல்திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தப் பையன்தான், "பெரிதாக விட்டுப் பார்ப்போமா?" என்றான். கோணமானியை வைத்து அறுபது பாகை வரை இழுத்துவிட்டார்கள். வீச்சு எவ்வளவாக இருந்தாலும் அலைவு நேரம் மாறாது என்பது இருவருக்கும் மனப்பாடம். 42.4 நொடி வந்தது. எண்ணிக்கையில் தவறு என்று மறுபடியும் செய்தார்கள், 42.6. மூன்றாம் முறை 42.5. இரண்டு நொடிக்கும் மேற்பட்ட வித்தியாசத்தைக் கைத்தவறு என்று ஒதுக்க முடியாது. நான் விளக்கத் தொடங்கும் முன் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மருமகள் அண்ணாந்து முடிச்சைப் பார்த்தாள். நூல் இழுபடுகிறதோ என்பது அவளுடைய முதல் ஐயம். அது அசட்டுத்தனமான ஐயம் அன்று. அறுபது பாகையிலிருந்து விழும் நட்டு கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது நூலின் இழுவிசை நட்டின் எடையைப் போல இரு மடங்காகிறது. அவள் அதே அளவுள்ள இன்னொரு நட்டையும் சேர்த்துத் தொங்கவிட்டு, எடையை இரட்டிப்பாக்கி, அளவுகோலைப் பிடித்துப் பார்த்தாள். நூல் நீண்டது இரண்டு மூன்று மில்லிமீட்டர். பிறகு தாளில் ஒரு சிறு கணக்கு: 42.5 நொடி வர வேண்டுமானால் நூல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். "நூல் இல்லை" என்று சொல்லி, தன் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தாள். அடுத்து முடிச்சு வழுக்குகிறதா என்று பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

பையன் இந்த நேரம் முழுக்க நட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடநூலின் வருவிப்பை வரி வரியாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். கோணத்தின் சைனுக்குப் பதிலாகக் கோணத்தையே போட்டுக்கொள்ளும் வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அறுபது பாகை என்பது 1.047 ரேடியன், அதன் சைன் 0.866. "நீ முடிச்சை விடு, பிழை இங்கே இருக்கிறது" என்று நாற்காலி மேல் நின்றவளிடம் சொன்னான். அந்த வரியைப் போட்டுவிட்டு முப்பது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவன் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த எளிமையாக்கலைச் செய்யாமலே கணக்கை முடித்துவிடலாம் என்று அவன் இறங்கி, அரை மணி நேரத்தில் ஒரு தொகையீட்டில் வந்து முட்டிக்கொண்டான். தெரிந்த வழிகள் எதற்கும் அது இடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கொடுக்காது. அது நீள்வட்டத் தொகையீடு எனப்படும் வகையைச் சேர்ந்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கணிதவியலாளர் காஸ் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. 1 என்ற எண்ணையும், விட்ட கோணத்தில் பாதியின் கொசைனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டின் கூட்டுச் சராசரி ஒன்று, பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்) ஒன்று. கிடைத்த இரண்டுக்கும் மறுபடியும் அவ்விரு சராசரிகள். இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி ஒரே எண்ணாகிவிடும். பாடநூல் தரும் நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான அலைவு நேரம். அறுபது பாகைக்கு, 1-உம் 0.8660-உம். முதல் சுற்றில் 0.9330, 0.9306. இரண்டாம் சுற்றிலேயே இரண்டும் 0.9318 ஆகிவிட்டன. பையன் கணிப்பானைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது அலைவுக்கு 43.1 நொடி என்று அவன் விடை சொன்ன குரலில், கதவில் தொங்கும் நட்டு இனித் தேவையில்லை என்ற தொனி இருந்தது. "உன் அளவீட்டில்தான் பிழை" என்றான்.

"நட்டு என்ன, அறுபதிலேயே நின்றுகொண்டா ஆடுகிறது?" என்று திருப்பிக் கேட்டாள் மருமகள். மறுபடியும் விட்டாள். இந்த முறை எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோணமானியின் அருகில் குனிந்துகொண்டாள். இருபதாவது அலைவில் நட்டு நாற்பத்தெட்டு பாகை வரைதான் ஏறியது. நாற்பத்தெட்டுக்கும் அதே சராசரி வித்தையைச் செய்ததில் இருபது அலைவுக்கு 42 நொடி. தொடக்கத்தின் 43.1-க்கும் முடிவின் 42-க்கும் நடுவே, ஏறத்தாழ 42.5. அவள் குறிப்பேட்டில் அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டாள். பையன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவன் ஏற்கெனவே வேறு பக்கத்தைத் திருப்பி, இரண்டு எண்களைத் திரும்பத் திரும்பச் சராசரி எடுப்பதற்கும் ஊசலுக்கும் என்ன உறவு என்று கிறுக்கத் தொடங்கியிருந்தான். (அகலமான வீச்சுக்கும் நேரம் மாறாது என்று கலிலியோவே நம்பியிருந்தார் என்பதையும், வட்டப்பாதையில் அது நடக்காது, வட்டப்புள்ளியுரு எனப்படும் வேறொரு வளைவில்தான் நடக்கும் என்று ஹைகன்ஸ் 1673-இல் வெளியிட்ட நூலில் காட்டினார் என்பதையும் நான் சொல்ல முயன்றேன். இருவருக்கும் நேரமில்லை.)

இருவருக்கும் கணிதமும் இயற்பியலும் பிடிக்கும். இருவரும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்குகிறவர்கள். அந்தப் பையனும் என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் அதே நான்கு நிமிடப் பதிலைத்தான் அவனுக்கும் சொல்லியிருப்பேன். எண் ஒத்துவராதபோது ஒருத்தி முடிச்சைப் பார்க்கிறாள், ஒருவன் தாளைப் பார்க்கிறான். மேற்படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுவாக இருந்திருக்கிறது, நான் பாடங்களின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

எங்கள் தலைமுறையில் தொழிலைப் பெயராகவே தெரிந்துகொண்டோம். விஞ்ஞானி, பொறியாளர், பேராசிரியர் என்றால் ஒரு மரியாதை, ஒரு சம்பளம், அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் உட்காருகிறவர் மாலை வரை என்ன செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. சோதனை இயற்பியலாளரின் நாளில் பெரும்பகுதி, காற்றில்லாத அறை ஒன்றில் எந்த இணைப்பு வழியாகக் காற்று கசிகிறது என்று தேடுவதிலும், இரைச்சல் எந்தக் கம்பி வழியாக வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதிலும் போகிறது. முடிச்சு வழுக்குகிறதா என்று நாற்காலியில் ஏறுகிறவர்களுக்கு அது தண்டனை அன்று. தூய கணிதத்தில் இருக்கிறவர் மாதக்கணக்கில் ஒன்றும் நகராத தாளின் முன் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதாவது ஒன்றை முடித்தேன் என்ற நிறைவு தேவைப்படுகிறவருக்கு அந்த வாழ்க்கை மெல்ல மெல்ல நரகமாகிவிடும். பொறியாளரைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்: வகையீட்டுச் சமன்பாட்டை நான் தொடுவது ஒரு வாரத்தில் அரை நாள். மீதி நாட்களில் தரநிலை ஆவணங்களும் வரைபடங்களும் கூட்டங்களும், "இதை வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்ட முடியுமா" என்ற கேள்வியும். ஆனாலும் அந்த அரை நாள் இருக்கிறதே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கும் சுழல்தண்டு ஒன்று, தாங்கியின் விறைப்பை மாற்றியதும் அந்த வேகத்தைச் சத்தமில்லாமல் கடந்து போவதைப் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்துக்காக மீதி நான்கரை நாட்களையும் நான் பொறுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ள முடியாதவர்களும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தவறான படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். தங்களுக்கு ஒத்துவராத நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

பெயரே தெரியாததால் யாரும் கேட்காத வேலைகளும் பல உண்டு. மருத்துவமனைகளில் கதிரியக்கச் சிகிச்சைக்கான அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைப் பள்ளி மாணவர்களிடம் சொன்னால் வியக்கிறார்கள். இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆலன் கார்மாக்கின் கதை நினைவுக்கு வரும். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவர். 1956-இல் அங்குள்ள மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டதால், ஓர் ஏற்பாடாகச் சில மாதங்கள் வாரத்தில் சிறிது நேரம் அங்கே போய்வரச் சொன்னார்கள். அங்கே அவர் கண்டது, உடலுக்குள் எலும்பு, நுரையீரல், தசை என்று எல்லாம் ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு கதிர் அளவைக் கணக்கிடும் வழக்கம். ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது தெரிந்தால்தானே சரியாகக் கணக்கிட முடியும் என்று அவருக்குத் தோன்றியது. உடலின் ஊடாகப் பல திசைகளில் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோட்டிலும் மொத்தமாக எவ்வளவு குறைந்தது என்பது மட்டும் தெரிந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியுமா? இது சுத்தமான கணிதக் கேள்வி. 1963, 1964 ஆண்டுகளில் விடையை வெளியிட்டார்; ஏறக்குறைய யாரும் கவனிக்கவில்லை. ரேடான் என்ற கணிதவியலாளர் 1917-இலேயே இந்தக் கணக்கைத் தீர்த்துவைத்திருந்தார் என்பது கார்மாக்குக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இதற்கிடையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் தன் வழியில் கருவியையே கட்டி, 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்துவிட்டார். இன்று நாம் சிடி ஸ்கேன் என்று சொல்வது அதைத்தான். 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. இருவருமே மருத்துவர்கள் அல்லர். என் கண்ணில் இந்தக் கதையில் மூன்றாவது ஆளாக ரேடானும் இருக்கிறார். தாளைப் பார்த்தவர் ஒருவர், முடிச்சைப் பார்த்தவர் ஒருவர், இரண்டுக்கும் நடுவில் மருத்துவமனைக்குப் போய்வந்தவர் ஒருவர்.

வானிலையும் இப்படி யாரும் கேட்காத ஒரு துறைதான். காற்றின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளைக் கையாலேயே கணக்கிட்டு வானிலையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று முதலில் முயன்றவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றிய காலத்தில் அந்தக் கணக்கைப் போட்டார். ஆறு மணி நேர முன்னறிவிப்புக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் உழைத்து, ஓரிடத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை கண்டார். உண்மையில் அங்கே அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது: அந்தத் தவறான விடையை மறைக்காமல் 1922-இல் நூலாகவே வெளியிட்டார். 1950-இல் எனியாக் கணிப்பொறியில் சார்னியும் வான் நாய்மனும் குழுவினரும் போட்ட முதல் கணிப்பொறி முன்னறிவிப்புகள் அவர் தொடங்கிய பாதையில் போனவைதான். கணிதமும் இயற்பியலும் நிரலெழுதுதலும் மூன்றும் பிடிக்கும், எதையும் விட மனமில்லை என்று தவிக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் துறையைத்தான். நிலநடுக்க அலைகளைப் படிக்கும் புவி இயற்பியலையும் சேர்த்துச் சொல்வேன்.

நிதித்துறையைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை என்பதால் ஒன்று மட்டும். பங்குகளைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் பங்குத் தெரிவுரிமைகளின் விலையைக் கணக்கிட 1973-இல் பிளாக்கும் ஷோல்சும் வெளியிட்ட சமன்பாட்டை மாறிகளைச் சற்றே மாற்றி எழுதினால், இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாடாகவே ஆகிவிடுகிறது. இயற்பியல் படித்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை. தரவு அறிவியல் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். கருவிகளின் பெயர் சில ஆண்டுகளுக்கொரு முறை மாறும். நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் அடி முதல் படித்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அதைத் தாண்டி அந்தத் துறையைப் பற்றி நான் வாக்குறுதி எதுவும் தருவதில்லை. பள்ளி ஆசிரியர் வேலையை மட்டும், வேறொன்றும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிற்பகலில் வாயை மூடிக்கொண்டிருப்பதே எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். நல்ல ஆசிரியர்கள் அதை ஒவ்வொரு வகுப்பிலும் செய்கிறார்கள்.

திரும்பி வரும் வழி

முதல் முடிவே கடைசி முடிவு என்ற அச்சத்தைப் போக்குவதற்குக் கைவசம் நல்ல பெயர்கள் இருக்கின்றன. பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் வாங்கிய டிராக் முதலில் படித்தது மின்பொறியியல். 1921-இல் பட்டம் வாங்கியபோது போருக்குப் பிந்தைய மந்தத்தில் வேலை கிடைக்கவில்லை. அதே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கட்டணமின்றிக் கணிதம் படிக்க இடம் கொடுத்தார்கள். 1923-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். தோராயங்களோடு வாழக் கற்றுக்கொடுத்தது பொறியியல்தான் என்று பிற்காலத்தில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், உயிரியலில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து அடிப்படைப் பாடங்களிலிருந்து தொடங்கினார். 2009-இல் வேதியியலுக்கான நோபல் வந்தது. இவற்றைக் கேட்கும்போது மாணவர்களின் முகம் தெளிகிறது. ஆனால் நோபல் வாங்கியவர்களின் கதையை மட்டும் சொல்லி அனுப்புவதில் ஒரு சிறு மோசடி இருப்பதாக எனக்கு எப்போதும் படும். பாதை மாறி, இரண்டு பக்கமும் கால் பாவாமல் நின்றவர்களை நான் அறிவேன். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பாதை மாறுவதிலும் இரண்டு திசைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. கணிதமோ இயற்பியலோ ஆழமாகப் படித்தவர் பின்னால் பொறியியல் பக்கமோ கணிப்பொறிப் பக்கமோ வருவது நடக்கிற காரியம். நானே அப்படி வந்தவன்தான். எதிர்த் திசையில் வருகிறவர்கள் மிகக் குறைவு. அறிவுக் குறைவு இதற்குக் காரணமில்லை. கணிதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பாடம். நேரியல் இயற்கணிதம் இல்லாமல் குவாண்டம் இயங்கியலுக்குள் நுழைய முடியாது, மெய்ப்பகுப்பாய்வு இல்லாமல் அதற்கு அடுத்த அடுக்குக்குப் போக முடியாது. அந்த அடுக்குகளை ஏறுவதற்கு நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் தொடர்ந்து கிடைக்கும் பருவம் இருபதை ஒட்டிய சில ஆண்டுகள். முப்பத்தைந்து வயதில், வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில், இரவு பத்து மணிக்கு மேல் குலக் கோட்பாடு என்னும் கணிதப் பிரிவைத் தொடங்கிய நண்பர்கள் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எதில் போவது என்று நிச்சயமில்லாதவர்களிடம், கணிதம் கூடுதலாக உள்ள படிப்பை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுப் பாதை நீளமானது. பட்டம், முதுகலை, அதன்பின் நான்கைந்து ஆண்டு முனைவர் ஆய்வு, அதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை இடம் மாறும் தற்காலிகப் பதவிகள்; முடிவில் நிரந்தர இடங்கள், முனைவர் பட்டம் வாங்குகிறவர்களைவிடக் குறைவு. நான்காம் ஆண்டிலேயே வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய மாணவரிடம் போய் "உன் ஆர்வத்தைப் பின்தொடர்" என்று சொல்கிறவர்களுக்கு நான் மரியாதை தருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு என் நான்கு நிமிடப் பதில் சரியான பதிலாகவேகூட இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சொன்னேன் என்பதுதான் என் மேல் எனக்குள்ள புகார்.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு, பையன் போனதும், மருமகளிடம் சில கேள்விகளைக் கேட்டேன். ஒரு கணக்கின் விடை சரியாக வந்துவிட்டால் அந்தக் கணக்கை அதன்பின் என்ன செய்வாய்? "வேறு எண் போட்டுப் பார்ப்பேன், எங்கே போய் உடைகிறது என்று." ஒன்று மூன்று நாளாகியும் வரவில்லை என்றால்? "யாரிடமாவது கேட்பேன். தனியாக உட்கார்ந்திருக்க முடியாது மாமா, அவனுக்குத்தான் அது முடியும்." இயற்பியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் தேர்வு இல்லாதபோதும் திறந்து பார்த்திருக்கிறாய்? கொஞ்சம் யோசித்துவிட்டு, கருவிகளின் குறுக்குவெட்டுப் படங்கள் உள்ள பக்கங்கள் என்றாள். பொறியியல் வேண்டாம் என்று அந்தப் பதில்களிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. கருவிகளோடு வேலை செய்யும் இயற்பியல், கருவிப் பொறியியல், மருத்துவ இயற்பியல் மூன்றையும் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு விவரித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறைகூட அவள் "சரி மாமா" என்று சொல்லவில்லை; "அதெப்படி?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பையனுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. காஸின் அந்தச் சராசரியைப் பற்றி நான் அனுப்பிய குறிப்புகளில், நான் கவனிக்காமல் விட்ட ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருக்கிறான்.

சென்ற வாரம் அவளிடமிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இயற்பியலுக்கும் கருவிப் பொறியியலுக்கும் இரண்டுக்குமே விண்ணப்பித்திருக்கிறாளாம். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். நட்டுக்குப் பதிலாக அதே அளவுள்ள ஒரு மரக் குண்டைக் கட்டி அறுபது பாகையிலிருந்து விட்டிருக்கிறாள். நட்டைவிட வெகு சீக்கிரமாக வீச்சு குறைந்துவிட்டது. "ஆனால் மாமா, குண்டு மட்டும் காற்றை அறுத்துக்கொண்டு போகவில்லை, நூலும் போகிறதே. அதில் நூலின் பங்கு எவ்வளவு, குண்டின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?" எனக்கு அடுத்த கூட்டத்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. வரத் தாமதமாகும் என்று ஒரு செய்தி தட்டி அனுப்பிவிட்டு, "குண்டை மாற்றாமல் நூலை மட்டும் தடிமனாக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.